முள் முதலில் போனது

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. நீ தபாலில் போட்ட நாளுக்கும் என் கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் ஒரு கீரைப் பாத்தி முளைத்து அறுவடையும் ஆகியிருக்கும். குற்றம் தபால்காரர்மேல் இல்லை. என்னை மறுபடியும் அறை மாற்றிவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருக்கிறேன். ஜன்னல் தெரு மட்டத்தில் இருப்பதால் மனிதர்களை முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் பார்க்கிறேன். ஒரு வகையில் நிம்மதி. வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேலே போகும் குழாய் சொட்டுகிறது. விதைக் குப்பிகளை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தினேன், அங்கேயும் ஈரம். எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றிவிட்டேன். எழுத இடமில்லாமல் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

"கீழே குளிர்ச்சியா இருக்கும் சார், உங்க விதைக்கு நல்லது" என்றார் நிர்வாகி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அடுப்பில் கருகிப்போன விதை அது. அதற்கு இனிமேல் எந்தக் குளிர்ச்சியும் தேவையில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

படத்தைப் பார்த்தேன். பள்ளத்து வயலின் தெற்கு வரப்பை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை ஓடுகிறது. படத்தின் கோளாறோ என்று லென்ஸ் வைத்தும் பார்த்தேன். கோளாறு இல்லை. மேட்டில் அது இல்லை, பள்ளத்தில்தான் இருக்கிறது. ஒரு காரியம் செய். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார். எப்படி இருந்தது என்று உடனே எழுது. உன் வீட்டுக்காரரைக் கேட்காதே. அவர் வேளாண் அலுவலர். எதைக் கேட்டாலும் ஓர் உரத்தின் பெயரைச் சொல்வார்.

அவரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன். உட்கார நாற்காலியும் இல்லை என்பதால் அந்த முடிவு நிற்கவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தப் படத்தில் என் மகள் இருந்தாள். வரப்புமேல், நட்ட நடுவில், புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ தெற்கு ஓரத்தைப் பார்த்திருக்கிறாய். "மாமா என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டாள். "உனக்குப் பின்னாடி இருக்கிற மண்ணை விசாரிச்சிருக்கார்" என்றேன். "மண்ணு சௌக்கியம்னு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் மண் சௌக்கியமாக இல்லை அண்ணா. நீ சொன்னபடி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சமையல் உப்பு மாதிரி இல்லை, கடைசியில் கசக்கிறது. நான் குனிந்து மண்ணைத் தின்பதைப் பார்த்து அவர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன பண்றே?" என்றார். "அண்ணன் சொன்னார்" என்றேன். அவரும் குனிந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்துத் துப்பினார். பிறகு, "ஒரு நல்ல தண்ணி கட்டினா கீழே இறங்கிடும்" என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். கட்டினோம். இறங்கியது. அறுப்புக்குள் முன்னைவிட அகலமாக ஏறி வந்துவிட்டது.

புதுக் கால்வாய் வந்ததிலிருந்து ஒரு போகம்கூட நிலத்தைச் சும்மா விட்டதில்லை. விட முடியாது. பாசன சங்கத்தின் விதி உனக்குத் தெரியாது. விதைக்காதவருக்குத் தண்ணீர் முறை இல்லை. ஒரு வருஷம் தரிசாகப் போட்டால் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பி வராது. மேட்டு வயல் மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் பிழைக்க முடியாது. பள்ளத்தில் கோதுமை இப்போதே நுனி மஞ்சளாகி நிற்கிறது.

மார்ச் கடைசியில் சங்கக் கூட்டம். உனக்கு ஏதாவது தெரிந்தால் வந்து பேசு. போனில் வேண்டாம். போனில் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கிறது.

உன் சின்னவள்


மார்ச் 1

சின்னவளுக்கு,

வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் மறுபடி எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

முதலில் மண். நாங்கள் தோண்டிய அந்தப் பழைய ஊரும் கால்வாய் ஓரத்தில் இருந்த ஊர்தான். அதன் அடுப்புச் சாம்பலை அடுக்கடுக்காக எடுத்துத் தண்ணீரில் கொட்டினோம். மண் அடியில் தங்கும், கரி மிதக்கும். மிதப்பதைத் துணியில் வடிகட்டி நிழலில் காயவைத்து ஒவ்வொரு விதையாகத் தூரிகையால் பிரிப்பது என் வேலை. அடியிலிருந்த பழைய அடுக்குகளில் கோதுமையோடு முள் விதை ஏராளமாக இருந்தது. மாடும் மனிதனும் சபிக்கிற அந்தக் கட்டை முள்ளேதான். அதை வெட்டி அடுப்பெரித்திருக்கிறார்கள். அத்தனை முள் எங்கிருந்து வரும்? வயலிலிருந்து. ஒரு வருஷம் விதைத்து, மறு வருஷம் முள்ளுக்கு விட்டிருக்கிறார்கள். அதன் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போய் நிலத்தடி நீரைக் குடித்துவிடும். நீர் கீழேயே இருந்தால் உப்பும் கீழேயே இருக்கும்.

பிறகு யாரோ கால்வாயைப் பெரிதாக்கினார்கள். வண்டல் அள்ளிக் கொட்டிய மேடு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து அடுக்கில் தானியம் கொட்டிக் கிடக்கிறது, முள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் விதைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அடுக்கில் கோதுமை இல்லை, உப்பைத் தாங்கும் பார்லி மட்டும். அதற்கும் மேலே காற்று கொண்டுவந்த மணல். முள் முதலில் போனது, பிறகு கோதுமை போனது, பிறகு ஊர் போனது.

முன்னோர்கள் மகா ஞானிகள் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் மேடைமேல் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாலையும் கிடைக்கிறது. முன்னோர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எப்படிக் கெட்டார்கள் என்று கேட்க ஆளில்லை. நமக்கு உதவுவது இரண்டாவதுதான்.

இதையெல்லாம் களை அத்தியாயம் என்று எழுதினேன். அகழாய்வு அறிக்கை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயம் அதில் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு குழியில் என்னோடு நின்ற நண்பனிடம் இருந்தது. குழியின் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான், அதனால் ஒல்லிக்குச்சியான அவனைக் குண்டு என்று கூப்பிடுவேன். அவன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை எந்தச் சுவர்மேலும் இருந்ததில்லை. புத்தகம் வந்த வருஷமே அவனுக்கு வேளாண் துறையில் வேலை. அடுத்த வருஷம் உன்னோடு கல்யாணம். அந்த வீட்டுக்கு வந்து அவர் போட்டுத் தரும் நாற்காலியில் உட்கார்ந்து களையைப் பற்றிப் பேசச் சொல்கிறாய்.

வரமாட்டேன். முள்ளை மட்டும் விட்டு வை.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

முள் இல்லை. போன வருஷம்தான் கடைசித் தூரையும் வேரோடு பிடுங்கி எரித்தோம். சங்கத்தில் எழுந்து நிற்கச் சொல்லி, "பார்த்தீங்களா, ஒரு பொம்பளை வச்சிருக்கிற வயலு எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று கை தட்டினார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. உன் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது.

இவரிடம் சொன்னேன். உன் கடிதத்தைக் கொடுக்கவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். "வேர்த்துண்டு அடியில இருக்கும். சும்மா விட்டா தானா கிளம்பும்" என்றார். அந்த அத்தியாயத்தை வெட்டியது நீங்கள்தானா என்று கேட்க வாய்வரை வந்தது. நான் கேட்கவில்லை. பதினாலு வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கேட்காமல் இருந்தே எனக்குப் பழகிவிட்டது.

கல்யாணத்தன்று அவர் உன்னை "மச்சான்" என்று கூப்பிட்டார். "அந்த உறவெல்லாம் நமக்குள்ள வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் நான் கேட்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

நீ வரவேண்டாம். சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுது. பள்ளத்து வயல்காரர்கள் முள்ளுக்கு விட்டால் தண்ணீர் முறை போகாது என்று அவர்கள் தீர்மானம் போட்டாலொழிய நான் மட்டும் விட முடியாது. ஏன் விடவேண்டும் என்பதை உன்னைப் போல யாரும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் சண்டையை அந்த உறைக்குள் போடாதே.

சின்னவள்


மார்ச் 17

சின்னவளுக்கு,

சங்கத் தலைவர் பெயருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மிகவும் நிதானமாக எழுதியிருக்கிறேன். நானே படித்துப் பார்த்து இவ்வளவு அடக்கமா என்று ஆச்சரியப்பட்டேன். தலைவரே வாசிக்கட்டும். உன் வீட்டுக்காரர் கையில் போனால் தனக்கு வேண்டாததை வெட்டிவிட்டு வாசிப்பார். பழக்கதோஷம்.

குழாய்க்குக் கீழே வாளி நிரம்பியது. கொட்டிவிட்டு வந்தேன். மறுபடி நிரம்பிக்கொண்டிருக்கிறது. இந்த அறை ஒரு வாக்கியத்தை முழுதாக எழுதவிடுவதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

கூட்டம் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன், ஒன்றையும் வெட்டாமல்.

தலைவர் உன் கடிதத்தைப் பிரித்து முதல் பக்கத்தை மனசுக்குள் படித்தார். தொண்டையைக் கனைத்தார். மடித்து இவரிடம் நீட்டி, "இது ஏதோ குடும்ப விஷயம் போல இருக்கு ஆபீசரே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். இவர் வாங்கிப் பார்த்தார். காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைக் குண்டை எப்போதும் மேசைமேல் வைத்திருப்பார். அதை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "சங்கத்துக்கு வந்த கடிதம். சங்கத்துல வாசிக்கணும்" என்றார்.

வாசித்தார். "உங்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் வேளாண் அலுவலர், மணலுக்கும் களிமண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவர்" என்பதை வாசித்தார். "என் உழைப்பை வெட்டிய கத்தியைக் காட்டித்தான் அவர் அந்த நாற்காலியை வாங்கினார்" என்பதை வாசித்தார். "அவர் சொல்லும் உரத்தைப் போட்டால் வயலில் முளைப்பது அவருடைய பதவி உயர்வு மட்டுமே" என்பதையும் வாசித்தார். மழை எவ்வளவு பெய்தது என்று வாசிப்பாரே, அதே குரல். சிரிப்பு அடங்கவில்லை. மேட்டு வயல் பெரியவர், "ஆபீசரே, அந்தப் பதவி உயர்வு வரியை இன்னொரு தடவை வாசிங்க, சரியா காதுல விழல" என்றார். இவர் திரும்பவும் வாசித்தார். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அடுப்புச் சாம்பல் வந்தது. முள் வந்தது. முள் போனது, கோதுமை போனது. நீ எழுதியிருந்த விதத்தில் ஒருவரும் அசையவில்லை. முடித்ததும் அந்தப் பெரியவர்தான் கேட்டார்.

"இதுல எது நெஜம், எது கோபம்?"

"என்னைப் பத்தினதை நான் சொல்லக் கூடாது" என்றார் இவர். "முள்ளைப் பத்தினது நெஜம். அந்தக் குழியில நானும் நின்னிருக்கேன். அந்த அத்தியாயத்தை வெட்டினதும் நெஜம். நான்தான் வெட்டினேன்."

"ஏன் வெட்டுனீங்க?"

"புத்தகம் தடிமனா இருக்கு, குறைச்சுக் குடுன்னாங்க. எதையாவது எடுக்கணும். களைதானேன்னு எடுத்தேன்."

அவ்வளவுதான் அண்ணா. சதி இல்லை, நாற்காலி இல்லை. தடிமன். நீ இதைக் கேட்டால் சதியாகவே இருந்திருக்கலாம் என்று நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் எழுந்து, "தன்னைத் திட்டின கடுதாசியை ஒரு எழுத்து விடாம வாசிக்கிறவன் முள்ளுல பொய் சொல்லமாட்டான்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். அவருக்குப் பள்ளத்தில் ஒரு சாண் நிலம் கிடையாது. ஒவ்வொரு கையாக எழுந்தது. எழாத கைகளும் நிறைய. சொற்ப வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. பள்ளத்து வயல்காரர்கள் ஒரு வருஷம் முள்ளுக்கு விடலாம், தண்ணீர் முறை போகாது. ஒரே ஒரு வருஷம். அடுத்த மார்ச்சில் மண் தேறியிருப்பதைக் காட்டினால் நீடிக்கும். இல்லையென்றால் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "உங்களுக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டேன். "அவன் எழுத்து எப்பவும் நல்லா இருக்கும்" என்றார். வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீ நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். அதற்கு நன்றி. ஆனால் என்னை அந்த வரிசையில் தலைகுனிந்து உட்காரவைத்தாய். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அதைத்தான் நீ செய்யவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதுவதாக இருந்தால் அவருக்கு எழுது. அவருக்கு எழுத உனக்கு ஒன்றுமில்லை என்றால் எனக்கு எழுதவும் ஒன்றுமில்லை.

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நிலவறையில் படித்தேன், தெருவில் நடந்துகொண்டு படித்தேன், திரும்பி வந்தும் படித்தேன்.

தடிமன் என்றா சொன்னார்? அந்தச் சொல்லையேவா? நீ குறைத்து எழுதவில்லையே? புத்தகத்தை எடுத்து எடைபோட்டுப் பார்த்தேன். அது ஒன்றும் அவ்வளவு தடிமனாக இல்லை. இன்னொரு அத்தியாயம் தாராளமாகத் தாங்கும். இத்தனை வருஷம் நான் ஒரு எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். எதிரே இருந்தது பக்கக் கணக்காம்.

வாசித்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டாயா? நல்லவராகக் காட்டிக்கொள்ளவா? மணல், களிமண் வரியை வாசிக்கும்போது முகம் எப்படி இருந்தது? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறாய். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு தட்டில் போட்ட விதையையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதாதே என்று சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில் போடு.

அண்ணன்


ஜூன் 3

சின்னவளுக்கு,

போன கடிதம் தபாலில் தொலைந்திருக்கலாம். என்னை மறுபடி மேலே மாற்றிவிட்டார்கள். இப்போது ஜன்னலில் முழு மனிதர்களும் தெரிகிறார்கள். எனக்குப் பழையதே தேவலை.

முள் கிளம்பியதா? அதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு.

அண்ணன்


அக்டோபர் 14

குண்டு,

உன் மகள் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். கடிதம் இல்லை. பின்பக்கத்தில் "மண்ணு சௌக்கியம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை அவளைத்தான் முதலில் பார்த்தேன். நெற்றி எங்கள் அம்மாவுடையது, நிற்கிற நிமிர்வு உன்னுடையது. முள் அவள் இடுப்புக்கு வந்திருக்கிறது. தெற்கு வரப்பில் வெள்ளை குறைந்த மாதிரி தெரிகிறது, ஆனால் படத்தை நம்பி ஒன்றும் சொல்லக் கூடாது. மார்ச்சில் சங்கத்துக்குக் காட்ட மண் வேண்டும்.

இரண்டு குழி வெட்டு. முள் அடர்ந்திருக்கும் இடத்தில் ஒன்று, முள் பிடிக்காத இடத்தில் ஒன்று. நெஞ்சளவு ஆழம் போகட்டும். மேலிருந்து கீழே சாண் சாணாக ஒரு கைப்பிடி மண், தனித்தனிப் பையில். ஆள் விட்டு வெட்டாதே, நீயே வெட்டு. அந்தப் பித்தளைக் குண்டைக் காகிதத்தின் மேலிருந்து எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள். சுவர் சாய்ந்தால் மேல் மண் கீழே கலந்து கணக்குக் கெட்டுவிடும். உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

மணல் முடிந்து களிமண் தொடங்கும் இடத்தை அங்கேயே கையால் தொட்டுப் பார்த்துக் குறித்து அனுப்பு. இங்கே ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களை நான் நம்புவதில்லை.

களை அத்தியாயத்தின் கையெழுத்துப் படி என்னிடம் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். சில இடங்களில் தடிமன்தான். மண் முடிவு வந்ததும் கடைசிப் பகுதியை மறுபடி எழுதவேண்டும். எதை எடுக்கலாம் என்று பார்க்க ஒரு ஆள் தேவைப்படும். குழி மூடுவதற்கு முன்னால் சொன்னால் நானே வந்து பார்க்கிறேன். நாற்காலியெல்லாம் வேண்டாம், குழியோரமே போதும்.

சின்னவளிடம் எனக்கு எழுதச் சொல். எழுதாவிட்டாலும் இதைப் படித்துக் காட்டு. ஒன்றையும் விடாதே.

மச்சான்